உடம்பில் கை வைக்கலாம், மருந்தில் கை வைக்கக் கூடாது

கேள்வி: அண்ணாச்சி, எங்க அத்தைக்கு 61 வயசு. பாளையங்கோட்டைல இருக்கோம். மார்புல கட்டிய எடுத்துட்டு இப்போ கீமோ ஓடுது, மூணு முடிஞ்சிருக்கு. சுகரும் உண்டு, மாத்திர போடுதாவ. ராத்திரி தூக்கமே இல்ல, ஒரே படபடப்பு. தெரிஞ்ச ஒருத்தங்க ரெய்கி எடுங்க, பன்னெண்டு சிட்டிங்ல உடம்பே மாறிரும், பெறவு மருந்தப் பாதியாக் கொறைச்சிரலாம்னு சொல்லுதாவ. ரெய்கின்னா என்ன? போலாமா? என்ன செய்வாவ?

பதில்:

போகலாம், தங்கச்சி. மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று சொன்னவரிடம் மட்டும் போக வேண்டாம்.

ரெய்கி ஒரு ஜப்பானியச் சொல். ‘ரெய்’ என்பது தெய்வீகத்தையும் ஆவியையும் குறிக்கும். ‘கி’ என்பது நாம் பிராணன் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். உடுத்தியிருக்கும் துணியோடு படுக்க வைத்து, தலையிலிருந்து கால் வரை சில இடங்களில் உள்ளங்கையை வைத்துச் சில நிமிடங்கள் அசையாமல் இருப்பார்கள். செய்கிற வேலை அவ்வளவுதான். அழுத்துவது, பிசைவது, எண்ணெய் தேய்ப்பது, சொடக்கு எடுப்பது எதுவும் கிடையாது. வர்மமோ தொக்கணமோ அல்ல. அவை நாடி நரம்பு பார்த்து விரலால் அழுத்துகிற வித்தை, கணக்கே வேறு. ‘ரெய்கி’ என்று போர்டு மாட்டிக்கொண்டு முதுகை அமுக்குகிறவரிடம் அத்தையைக் கொண்டுபோகாதீர்கள். அறுவை முடிந்த உடம்பு அது.

இதைத் தொடங்கியவர் மிகாவோ உசுயி. 1865-ல் ஜப்பானின் கிஃபு பகுதியில் பிறந்தவர். 1922-ல் கியோட்டோவை ஒட்டிய குராமா மலையில் 21 நாள் உபவாசமிருந்து தியானம் செய்தபோது இது கிடைத்ததாகச் சொல்வார்கள். அதே ஆண்டு டோக்கியோவில் ஒரு சங்கம் அமைத்தார். 1923 செப்டம்பரில் கான்டோ பூகம்பம் டோக்கியோவைச் சிதைத்தபோது அடிபட்டவர்களுக்குக் கை வைத்துப் பெயர் பெற்றார். 1926-ல் இறந்தார். அவருடைய மாணவர் சுஜிரோ ஹயாஷி, கடற்படையில் இருந்தவர். எந்த நோய்க்கு எங்கே கை வைப்பது என்று ஒழுங்குபடுத்தி, படுக்க வைத்துச் செய்யும் கிளினிக் நடத்தியவர் அவர். ஹவாயில் பிறந்த ஹவாயோ தகாதா 1935-ல் தன் நோய்க்காக அங்கே போய், குணம் தெரிந்து, தானும் கற்று ஊர் திரும்பினார். 1980-ல் இறப்பதற்கு முன் 22 பேரை ஆசிரியர்களாக்கினார். இன்று உலகத்தில் புழங்கும் ரெய்கியில் பெரும்பங்கு இந்த அம்மாள் வழியாக வந்ததுதான்.

ஒரு கிளைச் செய்தி. உசுயி ஒரு கிறிஸ்தவப் பாதிரியார், தோஷிஷா பல்கலைக்கழகத் தலைவர், சிகாகோவில் படித்தவர் என்று இன்னும் சில வகுப்புகளில் சொல்கிறார்கள். அமெரிக்கர்களிடம் எடுபட வேண்டும் என்று தகாதா காலத்தில் பரவிய கதை அது; அந்தப் பல்கலைக்கழகப் பதிவேடுகளில் அவர் பெயரே இல்லை. பாளையங்கோட்டையில் இந்தக் கதைக்குத் தனிக் கிராக்கி இருக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன். உங்கள் வீடு கத்தோலிக்க வீடாக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 2009-ல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள், தங்கள் மருத்துவமனைகளும் நிறுவனங்களும் ரெய்கியை ஆதரிப்பது பொருந்தாது என்று எழுத்துப்பூர்வமாகவே சொன்னார்கள். சாமியார் என்ன சொல்வாரோ என்ற உறுத்தலோடு படுத்தால் அத்தைக்கு அந்த ஒரு மணி நேரமும் வீண். முதலிலேயே அத்தையிடம் கேட்டுவிடுங்கள். கோயிலில் திருநீறு போட்டு விடுவது, பள்ளிவாசலில் ஓதி ஊதுவது, தலையில் கை வைத்து ஜெபிப்பது என்று நம் ஊரில் ஏற்கெனவே நாலு வழி இருக்கிறது. அவற்றில் ஒன்றில் அவர்கள் மனம் ஊன்றியிருந்தால் புதிதாக ஒன்றைத் தேடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஒரு சிட்டிங் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எது வழக்கம், எது வழக்கமில்லை என்று தெரிந்தால்தான் போகிற இடத்தை எடை போட முடியும்.

மொத்தம் 45 முதல் 90 நிமிடம். செய்கிறவர் கையை சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி, கொஞ்ச நேரம் கைகூப்பி நிற்பார். பிறகு கண்களின் மேல், நெற்றிப்பொட்டு இரு பக்கமும், பிடரிக்கு அடியில், தொண்டை, மேல் நெஞ்சு, விலா, தொப்புள், அடிவயிறு. திருப்பிப் போட்டுத் தோள், தோள்பட்டைக்குக் கீழே, இடுப்பு, முதுகுத்தண்டின் அடி. கடைசியில் முழங்காலும் பாதமும். பள்ளிக்குப் பள்ளி இந்த வரிசை மாறும். பன்னிரண்டு இடம் என்பது பொதுவான கணக்கு. ஓரிடத்தில் 3 முதல் 5 நிமிடம் என்று வைத்தால் ஒரு மணி நேரம் வந்துவிடும். தொண்டையில் யாரும் கையைப் பதிக்கக் கூடாது, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டு விரற்கடை உயரத்தில் பிடிப்பதுதான் முறை. மார்பிலும் அடிவயிற்றிலும் அதேபோல் உயரத்தில்தான். “தொட்டால்தான் சக்தி இறங்கும்” என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொடாமலே செய்யலாம் என்பது அவர்கள் சாஸ்திரத்திலேயே இருக்கிறது. பெண்ணுக்குப் பெண் செய்வது, வீட்டாள் ஒருவர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது, இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அத்தைக்கு என்று சில மாற்றங்கள் வேண்டும். மார்பில் அறுவை ஆனவரைக் குப்புறப் படுக்க வைக்கக் கூடாது. முதுகுப்பக்க இடங்களை விட்டுவிடலாம்; இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, நாற்காலியில் உட்கார வைத்து மேசைமேல் தலையணையில் சாயச் சொல்லியோ செய்யலாம். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கும் சுபாவமுடையது. அந்தக் கைக்கு அடியில் சின்னத் தலையணை கொடுங்கள். அதன்மேல் கனமான கை எதுவும் விழக் கூடாது. மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் வைத்திருந்தால் அந்த இடமே வேண்டாம். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலிக்காமல் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடக்க முடியும். தொய்ந்த நார்க்கட்டில் ஆகாது. ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட் எதுவும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீமோ ஓடுகிறவர்களுக்கு வாசனை என்றாலே குமட்டும். பெரும்பாலான ரெய்கி அறைகள் ஊதுபத்திப் புகையில்தான் இருக்கும்.

தேதியும் பார்க்க வேண்டும். 21 நாளுக்கு ஒரு தடவை மருந்து ஏறுகிறது என்றால், ஏறிய நாளிலிருந்து ஏறத்தாழ 7-வது நாள் தொடங்கி 14-வது நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும், கிருமி எளிதில் தொற்றும். அந்த வாரத்தில் வெளியே எந்த சிட்டிங்கும் வேண்டாம். சளி, இருமல் உள்ளவர் வீட்டுக்கு வந்து செய்வதும் வேண்டாம்.

என்ன தெரியும் என்று கேட்டால், பலருக்குக் கை வைத்த இடத்தில் சூடு, சிலருக்கு மெல்லிய கூச்சம், வயிற்றில் கடமுடவென்று சத்தம். நிறையப் பேர் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார்கள். ஒன்றுமே தெரியாதவர்களும் உண்டு, அதில் குறை ஒன்றும் இல்லை. செய்கிறவர் தன் கையில் தெரியும் சூடு, துடிப்பை வைத்து எங்கே அதிக நேரம் நிற்பது என்று முடிவு செய்வார். ‘ப்யோசென்’ என்று அதற்குப் பெயர். அது அவருக்கான வழிகாட்டி மட்டும்தான். “கிட்னியில் அடைப்பு தெரிகிறது”, “ஈரலுக்குப் பரவியிருக்கிறது” என்று வாயைத் திறந்தால் அது ரெய்கி இல்லை, குறி சொல்வது. ஸ்கேன் சொல்ல வேண்டியதைக் கை சொல்லாது.

இனி, இது வேலை செய்கிறதா என்ற கேள்வி. இதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். நம் அல்வாவுக்கு ருசி தாமிரபரணித் தண்ணீரால்தான் என்று சொல்வோம் இல்லையா? அல்வா ருசியாக இருக்கிறது என்பது ஒன்று. தண்ணீர்தான் காரணம் என்பது வேறொன்று. இரண்டாவதைச் சோதிக்க வேண்டுமென்றால் அதே கோதுமைப்பால், அதே சர்க்கரை, அதே நெய், அதே மாஸ்டரை வைத்து வேறு தண்ணீரில் கிண்டிப் பார்க்க வேண்டும். ரெய்கிக்கு இந்தச் சோதனையைச் செய்திருக்கிறார்கள். தீட்சை வாங்கிய ரெய்கிக்காரர் ஒரு பக்கம். எந்தத் தீட்சையும் இல்லாமல் அதே இடங்களில் அதேபோல் கை வைக்கிறவர் மறுபக்கம்.

உங்கள் அத்தைக்கு நேராகப் பொருந்துகிற சோதனை ஒன்று 2011-ல் வெளியானது. கீமோ ஏற்றிக்கொள்ள வந்த 189 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ரெய்கி பெற்றவர்கள், போலி ரெய்கி பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள். ரெய்கி பெற்றவர்களுக்கு மனசும் உடம்பும் இதமானது. போலி ரெய்கி பெற்றவர்களுக்கும் அதே இதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு அந்த அளவு இல்லை. ஆக, ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, அவசரமில்லாமல், நோயாளிமேல் மட்டும் கவனம் வைத்திருப்பதுதான் வேலை செய்கிறது. தீட்சை, குறியீடு, குருபரம்பரை எல்லாம் தாமிரபரணித் தண்ணீர். நாள்பட்ட உடம்புவலி உள்ள 100 பேரிடம் எட்டு வாரம் செய்து 2008-ல் வெளியான ஆய்வில் வலியே குறையவில்லை, அசலுக்கும் போலிக்கும் வித்தியாசமும் இல்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி உதவுமா என்று 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு தேடியபோது கணக்கில் எடுக்கத் தக்க ஆய்வுகள் மூன்றுதான் தேறின, மொத்தம் 124 பேர். உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல அது போதவில்லை. ‘கி’ என்ற சக்தியை எந்தக் கருவியும் இதுவரை அளந்ததில்லை. கட்டியைக் கரைக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இதைக் கேட்டு ‘அப்போ எல்லாம் டுபாக்கூர்’ என்று தள்ளவும் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நாள் முழுக்க டோக்கனோடு காத்திருந்து, ஊசி ஏற்றி, வாந்தியோடு வீடு திரும்புகிற ஒரு பெண்மணிக்கு, ஒரு மணி நேரம் யாரும் கேள்வி கேட்காமல் அமைதியாகப் படுத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. அதற்குத்தான் ரெய்கி. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றுவதுதான் தப்பு.

அந்தப் பன்னிரண்டு சிட்டிங் கணக்குக்கு வருகிறேன். அப்படி ஓர் எண் எந்த மூல முறையிலும் இல்லை. பேக்கேஜ் விற்பதற்கான எண் அது. ‘மருந்தைக் குறைக்கலாம்’ என்பது அதைவிட மோசம். 2017-லும் 2018-லும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு பெரிய கணக்குகளை வெளியிட்டார்கள். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்றுமுறையை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் ஆபத்து மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்குக்கும் மேல். இரண்டாவது கணக்குதான் உங்கள் வீட்டுக்குப் பாடம். வழக்கமான சிகிச்சையையும் எடுத்து, கூடவே துணைமுறைகளையும் வைத்துக்கொண்டவர்களில் பலர் அறுவையையோ, கீமோவையோ, கதிர்வீச்சையோ, ஹார்மோன் மாத்திரையையோ இடையில் மறுத்துவிட்டார்கள். துணைமுறை சேர்த்துக்கொண்டவர்களுக்கு மொத்தத்தில் இறக்கும் ஆபத்து இரண்டு மடங்கு. அந்த மறுப்பைக் கணக்கில் சேர்த்துப் பார்த்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. துணைமுறை கொல்லவில்லை, அது தந்த தைரியத்தில் மருந்தை விட்டதுதான் கொன்றது.

‘ஹீலிங் க்ரைசிஸ்’ என்ற சொல்லும் காதில் விழும். சிட்டிங் முடிந்தபின் காய்ச்சல், வாந்தி, நடுக்கம் வந்தால் “கழிவு வெளியேறுகிறது, நல்லதுதான்” என்பார்கள். அத்தை விஷயத்தில் இந்தச் சொல்லை ஏற்கவே கூடாது. கீமோ நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் அது நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயம் அல்ல. படுத்திருக்கும்போது குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது சக்தி இறங்குவது இல்லை, சர்க்கரை இறங்குவது. மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டரே கையில் இல்லையென்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் ஊற்றக் கூடாது, உடனே 108. இதற்காகவே சிட்டிங்கைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைக்காதீர்கள். டிபன் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வைப்பது நல்லது. முடிந்ததும் சட்டென்று எழுப்பவும் கூடாது. ஒரு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை கிறுகிறுக்கும். ஒருக்களித்து, உட்கார்ந்து, இரண்டு நிமிடம் கழித்துக் காலைத் தொங்கப்போட்டு, தண்ணீர் குடித்து, பிறகு நிற்கட்டும்.

தூக்கமின்மைக்கு ரெய்கியைத் தேடும் முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். கீமோவோடு வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதும், படபடப்பைத் தருவதும், சர்க்கரையை ஏற்றிவிடுவதும் அதன் குணம். அந்த மாத்திரையை மாலையில் போடுகிறார்களா, காலையிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரலாம். நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

யாரிடம் போவது? ரெய்கிக்கு அரசு உரிமமும் இல்லை, பதிவும் இல்லை. ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி என்ற ஆயுஷ் பட்டியலில் இது கிடையாது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து வந்தவரின் பட்டத்தையும், இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய ரெய்கி சான்றிதழையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ‘மாஸ்டர்’ என்றால் மூன்று படியும் முடித்துப் பிறருக்குத் தீட்சை கொடுக்கலாம் என்று பொருள். நோய் தெரிந்தவர் என்று பொருள் இல்லை. முதல் படி பெரும்பாலும் ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும். இரண்டாம் படியில் குறியீடுகளும் தூரத்திலிருந்து அனுப்புவதும் வரும். போனில் தீட்சை, போட்டோவுக்கு ஹீலிங் என்று விலை போவதெல்லாம் அந்தக் கிளைதான். பக்கத்தில் ஆளே இல்லாதபோது நான் மேலே சொன்ன இதமும் இல்லை, காசுதான் போகும். புற்றுநோயையும் சர்க்கரையையும் மந்திரம், தாயத்து போன்றவற்றால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதனால் நோட்டீஸில் ‘கேன்சர் குணமாகும்’ என்று அச்சடித்திருந்தால் அங்கே ஏற வேண்டாம். “டாக்டர் என்ன சொன்னார், அடுத்த ஊசி எப்போ?” என்று முதலில் கேட்கிறவர், ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகக் காசு வாங்குகிறவர், பொடியோ லேகியமோ கையில் திணிக்காதவர் என்றால் நம்பிப் போகலாம். பொடி எதுவாக இருந்தாலும் கீமோ டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது.

உண்மையில் உங்களுக்கு வெளியாளே தேவையில்லை. போலி ரெய்கியும் அதே இதத்தைத் தந்தது என்றால் மருமகள் கையும் தரும். அத்தை சம்மதித்தால் இன்று ராத்திரியே பாருங்கள். எட்டரைக்குச் சாப்பாடு என்றால் ஒன்பதரைக்கு. போனை வெளியில் வையுங்கள், டிவி சத்தம் வேண்டாம். கையைக் கழுவித் துடைத்து, ஈரம் போக உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்குங்கள். வெயில் காலத்தில் கை வியர்க்கும், நடுவில் ஒரு மெல்லிய துண்டு போட்டுக்கொள்ளலாம். தலைமாட்டில் ஸ்டூலில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்தால் பத்தாவது நிமிடம் உங்கள் இடுப்பு வலித்துக் கை நடுங்கும், அந்த நடுக்கம் அவர்களுக்குத் தெரியும். நெற்றிப்பொட்டில் 5 நிமிடம், பிடரிக்கு அடியில் இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி ஏந்தி 5 நிமிடம், அறுவை ஆகாத பக்கத் தோளில் 5 நிமிடம், பிறகு கால்மாட்டுக்கு வந்து இரண்டு பாதத்தையும் பிடித்து 5 நிமிடம். ஓரிடத்திலிருந்து கையை எடுக்கும்போது ஒரு கை ஒரு கையாக எடுங்கள். ரெய்கியில் ‘இன்றைக்கு மட்டும்’ என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்கள் உண்டு: இன்றைக்கு மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையை ஒழுங்காகச் செய், எல்லாரிடமும் அன்பாக இரு. பிடித்தால் சொல்லிக்கொள்ளுங்கள். கந்தர் சஷ்டியோ சங்கீதமோ மனசுக்குள் ஓடினாலும் சரிதான். மருந்து நேரம், நாளைய ரத்தப் பரிசோதனை, செலவுக் கணக்கு எதையும் அந்த இருபது நிமிடத்தில் பேச வேண்டாம். நடுவிலேயே அத்தை தூங்கிவிட்டால் மிச்ச இடங்களை முடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. மெல்லக் கையை எடுத்து, ஃபேனை ஒரு புள்ளி குறைத்து, லைட்டை அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.